மோந்தாலும் குடிதான்

என் வீட்டுக்காரர் பெட்ரோலைக் குடிக்கவில்லை. மோந்தார். குடித்தால்தான் கெடுதல், மோந்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் ஊர் மோட்டார் ஷெட்டில் ஐந்தாறு ஆண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் செத்துப் போனான். என் வீட்டுக்காரர் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து உயிரோடு வந்தார். மற்றவர்கள் இன்னும் விடவில்லை என்று கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர் நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். அவர் தம்பி நல்லுச்சாமி அதே பஸ்ஸில் கண்டக்டர். இருவருக்கும் கள் பழக்கம் உண்டு. தம்பி ஓர் அளவோடு நிறுத்துவான். இவருக்கு அளவு கிடையாது. சர்க்கார் எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் இழுத்து மூடியபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அதோடு விடவில்லை. கடையை மூடினால் கரட்டு மலைக்குள் சாராயம் காய்ச்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். கள்ளும் சாராயமும் இனி வாயில் படாது என்று சத்தியம் செய்தார்.

சத்தியத்தை அவர் மீறவில்லை. அதுதான் கொடுமை. பஸ்ஸுக்கு வர்ணம் அடிக்கிற மாரப்பன் என்று ஒருவன் ஷெட்டில் இருந்தான். பெட்ரோல் துணியை மூக்கில் வைத்து இழுத்தால் கள்ளைப் போலவே கிறுகிறுக்கும், வாயில் படாததால் சாமி குத்தம் இல்லை, போலீசும் பிடிக்காது என்று அவன்தான் சொன்னானாம். கோயிலில் சத்தியம் செய்துவிட்டு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோருக்கும் அது நல்ல வழியாகத் தோன்றியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் புருசன் குடியை விட்டுவிட்டார் என்பதுதான். கிணற்றடியில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

கண் இருந்தால் பார்த்திருக்கலாம். சோறு பிடிக்கவில்லை என்றார். களியைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். தினமும் விடிந்தால் தலைவலி. சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டேன். இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. வெயில் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பார், அடுத்த நிமிஷம் சொம்பைத் தூக்கி எறிவார். ஒருநாள் ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் குனிந்து காலைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். கழன்று விழுந்தது காலுக்கே தெரியவில்லை. அதற்கும் நான் சிரித்தேன்.

அப்புறம் வாயைச் சுற்றியும் மூக்குக்குக் கீழேயும் சிவந்து, கொப்புளம் கொப்புளமாகத் தடித்தது. நான் அக்கி என்று முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்தில் அக்கி கண்டால் பானை செய்கிறவரிடம் போவோம். அவர் செங்காவியைக் குழைத்து அந்த இடத்தில் சிங்கம் போல எழுதுவார். மூன்று நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இவருக்கு மூன்று முறை எழுதினோம். உதிரவில்லை. காலையில் காவி எழுதிய மூஞ்சியை மத்தியானம் பெட்ரோல் துணியில் புதைத்தால் எப்படி உதிரும்? மூன்றாம் முறை எழுதும்போது அந்தப் பெரியவர் மூக்கைச் சுளித்தார்.

“அம்மிணி, இவரு மூஞ்சியில மோட்டாரு நாத்தம் அடிக்குது. நல்லாக் கழுவிப்போட்டுக் கூட்டியாந்திருக்கலாமில்ல?”

“டிரைவருன்னா அப்புடித்தானுங்க இருக்கும்” என்று நான்தான் பதில் சொன்னேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டை நாறியது. ஓடாத பஸ்ஸின் நாற்றம் சட்டைக்கு எப்படி வரும் என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை.

ஆடி பிறக்கிற சமயத்தில் மாரப்பன் செத்தான். கள்ளச் சாராயம் தேடி ஷெட்டுக்குப் போலீஸ் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் துணியும் கையுமாக உட்கார்ந்திருந்த மாரப்பன் அவர்கள் போட்ட சத்தத்தில் வெருண்டு எழுந்து ஓடினான். அவனை யாரும் அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. புளியமரம் வரை ஓடியவன் அப்படியே குப்புற விழுந்தான். புரட்டிப் பார்த்தால் உயிர் இல்லை. முப்பது வயது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அந்த மரத்தில் முனி இருக்கிறது, உச்சி வேளையில் குறுக்கே ஓடினான், அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். அவன் பெண்சாதி காவேரி கைப்பிள்ளையோடு முனிக்குக் கிடாய் வெட்டினாள். அங்கே கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் நின்றார். அவருக்குத் தெரியும், மாரப்பன் கையில் என்ன இருந்தது என்று. வாயைத் திறக்கவில்லை.

சரியாக மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மாட்டுக்கொட்டாயில் அவர் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று தாண்டிப் போனேன். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. ஊதுகுழலில் ஓட்டை விழுந்தால் வருகிற சத்தம். திரும்பி வந்து துண்டை இழுத்தேன். உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி நீலம். வாந்தி கழுத்துவரை வழிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. துண்டு ஈரமாக இருந்தது. அதிலிருந்து வந்த நெடி என் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மோரைக் கரைத்து அவர் வாயில் ஊற்றினேன். சூடு தணியும் என்று. பாதி வழிந்தது, மீதி உள்ளே போய்ப் புரையேறி அவர் இன்னும் நீலமானார். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர், மோர், மருந்து எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் பிற்பாடு என்னைப் பிடித்துத் திட்டினார். நியாயமான திட்டு.

நல்லுச்சாமி ஓடி வந்தான். முதலாளியிடம் சொல்லி பஸ்ஸையே எடுத்தார்கள். வேறொரு டிரைவர் ஓட்டினார். நீளச் சீட்டில் அவரைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் பிடித்துக்கொண்டேன். ராசிபுரம் தாண்டியதும் நல்லுச்சாமி என் காலருகே தரையில் உட்கார்ந்தான். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்சாதியை நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

“நங்கையா, ஆஸ்பத்திரியில கேட்டா இரைப்புன்னு சொல்லீருங்க.”

“இவருக்கு எப்படா இரைப்பு வந்துச்சு?”

“வரலீங்க. சொல்லீருங்க.”

“எதுக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மாரப்பன், துணி, எட்டு மாதம், யார் யார், எல்லாம். சொல்லிவிட்டு அழுதான். “போதையின்னு எழுதீட்டாங்கன்னா போலீசுக்குப் போயிருமுங்க. அண்ணன் லைசென்சு போயிரும். நானும் வேலைய உட்டு நிக்கோணும். ஊட்டுல ஆறு வாயிங்க, நங்கையா.”

எனக்குக் கோபம் வந்ததே தவிர அழுகை வரவில்லை. “நீ மோந்தியாடா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவைங்க. எனக்குக் கொமட்டிருச்சு. உட்டுட்டேன்.”

“உங்கண்ணனுக்குக் கொமட்டலியாக்கும்?” என்றேன். மடியில் அந்த ஊதுகுழல் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. நானும் சரி என்று தலையாட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. புருசன் உயிர் போகிற நேரத்தில் லைசென்சுக்குத் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் போட்டதும் டாக்டர் வந்துவிட்டார். சின்ன வயதுக்காரர், பட்டணத்துப் பேச்சு. குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். விரல் நகத்தைப் பார்த்தார். மூக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்.

“இவருக்கு முன்னாடி இரைப்பு வந்திருக்கா?”

“சின்ன வயசுலயிருந்தே உண்டுங்க” என்று நல்லுச்சாமி முந்திக்கொண்டான்.

“பெட்ரோல் வாசனை இவ்வளவு அடிக்குதே?”

“டிரைவருங்க. டின்னு மேல சாஞ்சுபோச்சுங்க.”

“ஞாயித்துக்கிழமையா?”

“வண்டி கழுவுனாருங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் நர்ஸம்மாவிடம் ஏதோ மருந்தின் பெயர் சொன்னார். அந்தம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடித்து, ஊசியில் ஏற்றினார். இரைப்பில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு உடனே மூச்சு விடவைக்கும் ஊசியாம் அது. பக்கத்துக் கட்டில்காரர்கூட, “அந்த ஊசி போட்டா எந்திரிச்சு உக்காந்துருவாரும்மா” என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

எனக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் மாட்டைப் பற்றித் தெரியும். என் அப்பன் வீட்டில் ஒரு காளை மாட்டுக்கு விஷமான இளஞ்சோளப் பயிரைத் தின்றுவிட்டது. காவலுக்கு இருந்தவன் அடிக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை, காலையிலிருந்து சளியாட்டம் இருக்கிறது என்றான். சளிக்கு மருந்து ஊற்றினார்கள். சோளத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் காளை காலை உதைத்துக்கொண்டு செத்தது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவள்.

நர்ஸம்மா அவர் கையைத் துடைத்துவிட்டார். டாக்டர் ஊசியை வாங்கினார்.

“சாமி, போடாதீங்க” என்று கத்திவிட்டேன். “அவருக்கு இரைப்புமில்ல, ஒண்ணுமில்ல. பெட்ரோல மோந்துபோட்டுக் கெடக்கறாரு.”

“நங்கையா!” என்று நல்லுச்சாமி என் கையைப் பிடித்தான். உதறினேன்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். “எத்தனை நாளா?” என்றார். நல்லுச்சாமி என்னைப் பார்த்தான். “சொல்லுய்யா!”

“எட்டு மாசமாங்க.”

“இன்னைக்கு எப்போ?”

“காலையிலயிருந்துங்க. மத்தியானம் வரைக்கும்.”

டாக்டர் மூன்று வார்த்தை இங்கிலீஷில் சொன்னார். நர்ஸம்மா ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பெரிய இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் சுத்தமான பிராணவாயு அடைத்திருக்கிறது, அதை ரப்பர் குழாய் வழியாக மூக்கில் விடுவார்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், வாந்தி வந்தால் வெளியே போகும்படி. நனைந்த சட்டை வேட்டி எல்லாவற்றையும் கழற்றி வெளியே எறிந்தார்கள். துணியில் இருப்பதும் நெடியாக எழும்பி மூக்குக்குத்தான் போகுமாம்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லுச்சாமியும் வந்து நின்றான்.

“பெட்ரோல் ஆவி ரத்தத்துல ஏறினா, இதயம் மிரண்ட மாடு மாதிரி நிக்கும்மா. வெளியே பார்த்தா அமைதியாத்தான் தெரியும். ஒரு அதட்டல், ஒரு ஓட்டம், ஒரு பயம் போதும், தறிகெட்டுத் துடிச்சு நின்னு போயிரும். நான் போட இருந்த மருந்து பயம் வந்தா உடம்பு தானா சுரக்கிற சாமான்தான். மிரண்ட மாட்டைத் தார்க்குச்சியால குத்துற மாதிரி.” நல்லுச்சாமியைப் பார்த்தார். “நீ கொன்னிருப்ப. என் கையால கொன்னிருப்ப.”

நல்லுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டான். “போலீசுக்கு எழுதிருவீங்களோன்னுதானுங்க சாமி...”

“நான் போலீஸ்காரனா? கள்ளுக்குச் சட்டம் இருக்கு, சாராயத்துக்குச் சட்டம் இருக்கு. பெட்ரோலை மோந்து பார்க்காதேன்னு எந்தச் சட்டமும் இல்லை, போ.”

இல்லாத சட்டத்துக்குப் பயந்துதான் அத்தனை பொய்யும்.

எனக்கு அப்போது புளியமரம் ஞாபகம் வந்தது. மாரப்பன் ஓடியதையும் விழுந்ததையும் டாக்டரிடம் சொன்னேன். “முனி அடிச்சதுன்னு சொன்னாங்க சாமி” என்றேன். “உடம்பைப் பார்க்காம நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது அப்படியே பொருந்துது. இவங்க மாதிரி யாரையாவது பார்த்தா அதட்டாதீங்க, துரத்தாதீங்க, ஓட விடாதீங்க. மெதுவாப் பேசிக் காத்தாடற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நினைவு தப்பினா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க” என்றார்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை என் வீட்டுக்காரர் நாடியில் விரல் வைத்தபடி ஒருவர் மாற்றி ஒருவர் நின்றார்கள். சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பெரிய வார்டே குசுகுசுவென்று ஆயிற்று. பக்கத்துக் கட்டிலில் வெல்ல வியாபாரம் செய்கிற ஒரு பாய் நிமோனியாவில் கிடந்தார், எனக்குத் தைரியம் சொன்னவர். அவர் இருமல் வரும்போதெல்லாம் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டார். அவர் வீட்டம்மா ஜைனபு பீவி கையில் இருந்த கண்ணாடி வளையலைச் சேலை முந்தானையால் சுற்றிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன், குலுங்கக் கூடாது என்று. முன்பின் தெரியாத மனுஷி. இருட்டிய பிறகு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இதயம் ஓரளவு நிதானத்துக்கு வந்திருக்கு. இனி நுரையீரல்தான்” என்றார்.

நுரையீரல் பன்னிரண்டு நாள் படுத்தியது. வாந்தியும் நான் ஊற்றிய மோரும் பெட்ரோலும் உள்ளே போய்ப் புண்ணாக்கியிருந்தன. காய்ச்சல் ஏறும், இறங்கும். நெஞ்சில் சூடான பற்று வைத்துக் கட்டினார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், ரத்தம் வெளுத்துப் போயிருக்கிறது என்றார்கள். கண்ணாடிக் குழாயில் அவர் சிறுநீரை ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்தார்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தால் சிறுநீரகம் பழுது என்று அர்த்தமாம். முதல் வாரம் திரிந்தது. நான் அந்த விளக்கருகே நின்று பார்த்தேன். பால் திரிந்தால் கொட்டிவிட்டு வேறு கறக்கலாம். இதற்கு என்ன செய்வது? இரண்டாம் வாரம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

கால்தான் தெளியவில்லை. டாக்டர் பாதத்தில் குண்டூசியால் குத்தினார். “தெரியுதா?” என்றார். “குத்துங்க, சொல்றேன்” என்றார் இவர். அதற்குள் ஐந்து தடவை குத்தியாகிவிட்டது.

நல்லுச்சாமி தினமும் முதல் பஸ்ஸில் தூக்குப்போசியில் கம்மங்கூழ் கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலடியில் வைத்துவிட்டு நகர்வான். நாலாம் நாள்தான், “உப்புப் போட்டுருக்குதாடா?” என்று கேட்டேன். “போட்டுருக்குதுங்க நங்கையா” என்று குழந்தை மாதிரி சிரித்தான். ஜைனபு பீவி இஞ்சி தட்டிப் போட்ட நோன்புக்கஞ்சி மாதிரியான கஞ்சி கொண்டுவருவார், அதில் ஒரு கிண்ணம் எங்களுக்கு. “உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் ஓட்டுவாரு?” என்று ஒருநாள் கேட்டார்.

“சேலம் வரைக்குமுங்க.”

“இந்தத் தடவை அதையும் தாண்டிப் போகப் பார்த்தாரு. பிரேக்கை நீங்க போட்டீங்க” என்றார். அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தேன்.

நினைவு தெளிந்ததும் இவர் நன்றாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. எரிந்து விழுந்தார். கை நடுங்கியது, வேர்த்தது, தூக்கம் இல்லை. நான் டாக்டரிடம் சொன்னது தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பேசியபோது சொன்னது இது: “ஆஸ்பத்திரி பூராவும் தமுக்கு அடிச்சுட்டயாமா. இன்னும் ராசிபுரம் சந்தையில மட்டுந்தான் பாக்கி.”

“செவ்வாக்கெழமை அங்கயும் அடிச்சுப்போடறனுங்க” என்றேன்.

ஒன்பதாம் நாள். நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டுத் திரும்பினார். நான் சொம்பைக் கழுவிக்கொண்டு வந்தேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையை மூக்குவரை இழுத்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. கத்த வாயைத் திறந்தேன். அதட்டாதே என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போர்வையை விலக்கினேன். உள்ளங்கையில் ஸ்பிரிட் பஞ்சு. கை துடைத்த பஞ்சைத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்.

இத்தனை நாளும் எனக்கு மாரப்பன் மேல் கோபம், நல்லுச்சாமி மேல் கோபம், அக்கி எழுதப் போன என் மேல் கோபம். அந்த நிமிஷம் முதல் தடவையாகப் பயந்தேன். செத்துக்கொண்டிருந்தபோதுகூட அவர் என்னை விட்டுப் போவார் என்று நினைக்கவில்லை. இப்போது நினைத்தேன். இந்த மனுசன் பிழைத்து வீட்டுக்கு வந்து மறுபடி அந்தத் துணியைத் தேடிப் போவார்.

“குடுங்க” என்றேன்.

“நர்சம்மாகிட்டச் சொல்லாத, புள்ள.”

“சொல்லுவேன்.”

“மானம் போயிருமே.”

“போவட்டும். உசிரு நிக்கட்டும். மானத்த வெச்சு மாரப்பன் பொண்டாட்டி என்ன பண்ணிட்டா?”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் கோணியது. பஞ்சைக் கொடுத்தார். அழுதுகொண்டே சொன்னார், கள்ளை நிறுத்திய நாளிலிருந்து தலைக்குள் வண்டி ஓடுகிற மாதிரி இரைச்சலாம், துணியை வைத்தால்தான் அது அடங்குமாம். மாரப்பன் விழுந்த அன்று சாயங்காலமும் அந்தப் பயத்தை அடக்க மோந்தாராம். எந்தச் சாவைப் பார்த்துப் பயந்தாரோ, அந்தச் சாவையே மருந்தாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பழக்கம் எவ்வளவு மோசமானது என்று எனக்கு டாக்டர் சொல்லிப் புரியவில்லை. அன்று புரிந்தது.

நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அன்றிலிருந்து பஞ்சை எண்ணி எடுத்துப் போனார். டாக்டர் வந்து இவர் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். போகும்போது என்னிடம், “வாய்ச்சொல்லை நம்பாதீங்க, சத்தியமும் வாங்காதீங்க. தினம் ஒரு தடவை பக்கத்துல போய் மூச்சையும் கையையும் துணியையும் மோந்து பாருங்க. அவருக்குத் தெரிஞ்சே செய்யுங்க, திருட்டுத்தனமா வேண்டாம்” என்றார்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஜைனபு பீவியின் வீட்டுக்காரர் நாங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே குணமாகி எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க மாட்டேன்.

வந்த மூன்றாம் நாள் காவேரியின் வீட்டுக்குப் போனோம். இவரையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். மாரப்பன் எப்படிச் செத்தான் என்று இவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவள் கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முழுவதும் கேட்டாள். முனியைக் கோபப்படுத்தினவள் என்று மாமியார் வீட்டில் அவளைத்தான் இத்தனை நாளும் வைதுகொண்டிருந்தார்கள்.

“கெடா வெட்டறப்ப நீங்க அங்கதான நின்னீங்க, அண்ணா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லைசென்சை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்தால் கால் பிரேக்கில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரே முதலாளியிடம் போய் இனி ஓட்டமாட்டேன் என்றார். அந்தக் காலோடு எட்டு மாதம் சேலம் வரை ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பஸ் கவிழாதது யார் புண்ணியமோ. இப்போது என் அப்பன் காடு தோட்டத்தில் மாடு பார்க்கிறார், மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுகிறார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

டாக்டர் சொன்னபடி தினமும் செய்கிறேன். சாயங்காலம் அவர் வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பேன், பிறகு கை, பிறகு துண்டு. முதல் மாதம் தினமும் சண்டை. “திருடனச் சோதன போடறாப்பல போடற” என்பார். “ஆமாங்க, திருடனத்தான் போடறேன்” என்பேன். அவருக்கு அவமானம். எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒருநாள் விடவில்லை.

போன வாரம் களை வெட்டிவிட்டு வந்து எனக்கு ஒரே அசதி. அவர் வந்தது தெரிந்தது, நான் பாட்டுக்குத் தட்டில் களியைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். அவர் உட்காரவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்றார்.

“ஏனுங்க, உக்காந்து உண்ணுங்களேன்.”

“நீ இன்னும் பாக்கல, புள்ள” என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். அவர் தானாகவே வாயைத் திறந்தார், இரண்டு கையையும் விரித்து நீட்டினார். வேர்வை. சாணி. மஞ்சள் காட்டு மண். துண்டை உதறிப் பார்த்தேன், அதிலும் வேறொன்றும் இல்லை.

“உக்காருங்க” என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.